பயந்து நிற்பவரிடம் விவரம் கேட்பது எப்படி?

பாம்பனில் இ-சேவை மையம் வைத்து எனக்கு 9 வருடம் ஆகிறது. பத்துக்குப் பத்து கடை, இரண்டு கம்ப்யூட்டர், உப்புக்காற்றில் அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு பிரிண்டர். வருகிறவர்களில் பாதிப் பேர் சின்னப்பாலத்திலிருந்தும் தெற்குவாடியிலிருந்தும் வரும் பெண்கள். கடலில் மூழ்கிப் பாறையில் வளரும் கடல்பாசியைப் பிய்த்து விற்பது அவர்கள் தொழில். என் அம்மாவும் பாசி எடுத்தவர்தான். அதனால் என்னிடம் இவர்கள் எதையும் மறைக்க மாட்டார்கள் என்று ஆரம்பத்தில் நம்பினேன்.

முதல் வருடமே ஒரு மதினி வந்தார். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விவரம் சரிபார்க்க வேண்டும். விரல்களில் துணி சுற்றிய தடம் அப்படியே இருந்தது. பாறையில் பாசி பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்கப் பழந்துணியைச் சுற்றிக்கொள்வார்கள். சுருக்குப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஆனால் கட்டை விரலை நம்பர் மேலேயே வைத்திருந்தார். "கையை எடுங்க மதினி" என்றேன். விரலைக் கொஞ்சம் நகர்த்தினார், நான்கு இலக்கம் தெரிந்தது. இன்னொரு தடவை கேட்ட பிறகுதான் முழுதும் தெரிந்தது. அப்புறம் போன் நம்பர் கேட்டேன். அதை மட்டும் டக்கென்று சொன்னார். நானும் போட்டுவிட்டேன்.

அது அவர் நம்பரே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுடையது. சொந்த நம்பரைக் கொடுத்தால் "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று யாராவது கூப்பிட்டுப் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று பயம். அதே நம்பரைத்தான் வங்கியிலும் ஆதாரிலும் சொல்லி வைத்திருந்தார். பையன் மறுவருடம் சவூதிக்கு மீன்பிடி வேலைக்குப் போனான், சிம் செத்துப்போனது. எங்கே எதைப் போட்டாலும் ஓடிபி அந்தச் செத்த நம்பருக்கே போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஆதார் மையத்துக்கு மூன்று தடவை அலைந்தார். மூன்றும் பாசி நாள். இங்கே பாசி எடுப்பது மாதத்தில் 12 நாள்தான், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அந்தப் பன்னிரண்டில் மூன்று போனது. "இது உங்க கையில இருக்கிற போன்தானா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதலிலேயே வெளிவந்திருக்கும்.

பின்னாளில் இதே மதினியின் போனுக்கு ஒருவன் பேசினான். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று மிரட்டினான். அவனுக்கு ஓடிபியை ஒவ்வொரு இலக்கமாக வாசித்துக் காட்டினார். என்னிடம் நம்பரை மறைக்க வைத்த பயம்தான் அவனிடம் ஓடிபியைக் கொடுக்கவும் வைத்தது. "யாரிடமும் எதையும் சொல்லாதே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், கேட்கிற குரல் அதட்டலாக இருக்கும்போது அந்தப் பாடம் நிற்காது.

எனவே இந்தக் குறிப்பு, மற்றவர்களுக்காக ஆன்லைனில் விவரம் நிரப்புகிறவர்களுக்கு. இ-சேவைக்காரர்கள், சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண்கள், சங்கத்தில் போனும் கையுமாக அலையும் தம்பிகள், வீட்டில் அத்தைக்கும் பாட்டிக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள், எல்லாருக்கும்.

எந்தப் பயம் என்று முதலில் பாருங்கள்

பயந்தவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் எதையாவது சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வார். வேறு ஆள் நம்பர், தோராயமான பிறந்த தேதி, குடும்பத்தில் ஒரு ஆள் குறைவு. பதில் மிக வேகமாக வந்தாலும் சந்தேகப்படுங்கள், மிக மெதுவாக வந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்த இடத்தில் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, "எதுக்குக் கேக்குறாங்கன்னு சந்தேகமா இருக்கா?" என்று கேளுங்கள். நான் கேட்டவரை பத்தில் எட்டுப் பேர் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள்.

பணம் போய்விடும் என்ற பயத்தைத் தீர்ப்பது சுலபம். கணக்கு எண்ணைக் கொடுத்தால் பணம் உள்ளே வரும். பணம் வெளியே போக ஓடிபி, பின் நம்பர், கைரேகை, கையெழுத்து என்று உங்களிடமிருந்து இன்னும் ஏதாவது ஒன்று வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

அரசாங்கத் தொல்லை வரும் என்ற பயம்தான் இந்தக் கரையில் கனமானது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவில் இறங்கக் கூடாது. பாசி எடுக்கும் பெண்களுக்கு வனத்துறை என்றாலே நெஞ்சு படபடக்கும். அதனால் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம் வந்ததும் "வீட்டு வேலைன்னு போடுங்க" என்பார்கள். முப்பது வருடமாகக் கடலில் மூழ்கி எழுந்த பெண், காகிதத்தில் வீட்டு வேலை செய்பவராக ஆகிறார். மீனவர் அட்டை, நல வாரியம், நிவாரணம் என்று எது வந்தாலும் அவர் பெயர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

இதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். என்ன தொழில் என்று சொல்வது வேறு, எந்தத் தீவுப் பக்கம் போனோம் என்று சொல்வது வேறு. இந்தக் கட்டம் முதலாவதை மட்டும்தான் கேட்கிறது. கட்டத்தைத் திரையில் காட்டி, அதற்குமேல் எழுத இடமே இல்லை என்பதையும் காட்டுவேன். அப்புறம் "கடல் பாசி சேகரிப்பு" என்று போடச் சம்மதிப்பார்கள். வற்புறுத்தி யாரையும் போட வைத்ததில்லை.

இந்தப் பெண்களின் பயம் ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி, அதையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பையன் ஒருவன் தன் அம்மா கஞ்சிப்பாசி எடுப்பதை ரீல்ஸ் போட்டான். நல்ல எண்ணத்தில்தான் போட்டான், அழகாகவும் இருந்தது. பின்னால் தீவு தெரிந்தது, இடத்தின் பெயரையும் சேர்த்திருந்தான், கூட வந்த ஐந்து பெண்களின் முகமும் இருந்தது. அந்த ஐவரிடமும் அவன் கேட்கவில்லை. வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டு, அவன் போனில் கேமரா அமைப்புக்குள் போய் இருப்பிடக் குறிச்சொல்லை அணைத்து வைத்தேன். உங்கள் போனிலும் பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் படத்துக்குள்ளேயே எடுத்த இடம் எண்களாகப் பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்த எண்கள் கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால் கூடவே போகும்.

மூன்றாவது, மானம் போய்விடும் என்ற பயம். அதைத் தனியாகச் சொல்கிறேன். இன்னொரு கூட்டமும் உண்டு, "எல்லாந்தான் போயிருச்சே, இனி என்ன" என்று எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறவர்கள். இவர்களைப் பயமில்லாதவர்கள் என்று நினைத்து வேகமாக முடித்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். இவர்கள் பயந்து பயந்து அலுத்துப்போனவர்கள். இவர்களிடம் தேவைக்கு மேல் ஒன்றையும் வாங்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

சித்தப்பாவின் நோட்டு

ஆண்களுக்கு விளக்க நான் என் சித்தப்பாவின் நோட்டைத்தான் சொல்வேன். விசைப்படகில் நாற்பது வருடம் போனவர். நல்ல மீன்பாடு கிடைத்த இடங்களின் ஜிபிஎஸ் எண்களைப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு நோட்டில் எழுதி, பாலித்தீன் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் அவருக்கு மட்டும் புரிகிற ஒரு பெயர். சித்திக்குக்கூடக் காட்டியதில்லை. மூத்த மகன் படகேறிய பிறகு அவனுக்குப் பாதியைச் சொன்னார்.

ஒரு ஐப்பசி ராத்திரி இன்ஜின் நின்று, படகு காற்றில் இழுத்துக்கொண்டு போனது. அப்போது நின்ற இடத்தின் எண்ணை விஎச்எஃப் வயர்லெஸ் கருவியில் 16-ஆம் சேனலில் திரும்பத் திரும்பக் கத்தினார். மண்டபம் ஊரில் இருக்கும் கடலோரக் காவல்படை கேட்கட்டும், ராமேஸ்வரம் படகு கேட்கட்டும், போட்டிக்காரன் கேட்கட்டும், யார் கேட்டாலும் சரி என்றுதான் கத்தினார். விடிவதற்குள் ஒரு தங்கச்சிமடம் படகு வந்து கட்டி இழுத்தது.

கடையில் உட்கார்ந்து "இதெல்லாம் எதுக்குக் கேக்குறானுங்க" என்று சலித்துக்கொள்ளும் அண்ணன்மாரிடம், "நீங்க மீன் கிடைச்ச இடத்த யார்ட்ட சொல்லுவீங்க?" என்று கேட்பேன். மகனிடம், கூட்டாளியிடம் என்பார்கள். "இன்ஜின் நின்னா?" எல்லாரிடமும் என்பார்கள். அப்படியே படிவத்துக்கு வந்துவிடுவேன். படகின் பதிவு எண்ணை முன்பக்கம் அணியத்திலேயே பெரிதாகப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்பது டோக்கன் வாங்கும்போதே மீன்வளத்துறைக்குத் தெரியும். வங்கிக் கணக்கு எண், பணம் போடப்போகிறவருக்கு மட்டும். கைரேகை, நீங்கள் நேரில் நின்று எதற்கென்று தெரிந்துகொண்டு வைக்கும் இடத்தில் மட்டும். இப்படி ஒவ்வொரு விவரமாக யாருக்கு என்று பிரித்துக் காட்டினால் யாரும் சண்டை போடுவதில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரம் முழுக்கக் கைரேகையோடு மீனவர் அட்டை எடுத்தபோது, இப்படி யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் எங்கள் தெருவில் அவ்வளவு பேர் ஒளிந்திருக்க மாட்டார்கள்.

படிவத்தைத் திறக்கும் முன்

திரையை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். முடிந்தால் இரண்டாவது திரை ஒன்று வாங்கிப் போடுங்கள். பழைய திரை போதும், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், தன் பெயர் எங்கே ஏறுகிறது என்று பார்க்கும்போது முகம் இளகும்.

முதல் வார்த்தையாக, கேட்பது யார் என்று சொல்லுங்கள். "கவர்மென்ட்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மீன்வளத்துறையா, வருவாய்த்துறையா, வங்கியா? அப்புறம், இந்த விவரத்தால் என்ன கிடைக்கும், கொடுக்காவிட்டால் என்ன நின்றுபோகும் என்பதைச் சொல்லுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்கான நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்தது, 2023-இல் 8,000 என்று அறிவித்தார்கள். அந்தத் தொகை இந்தக் கணக்கு எண்ணுக்குத்தான் வரும் என்று விரலால் தொட்டுக் காட்டினால், அந்தக் கட்டத்துக்கு மட்டும் பயம் போய்விடுகிறது.

சிவப்பு நட்சத்திரம் இல்லாத கட்டங்களை நிரப்பாதீர்கள். நம்மில் பலருக்கு முழுப் படிவத்தையும் நிரப்பிப் பழக்கம், காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நட்சத்திரம் இருந்தால்தான் கட்டாயம். மின்னஞ்சல் இல்லாதவருக்கு உங்கள் மின்னஞ்சலைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவருடைய சமாச்சாரமெல்லாம் உங்கள் பெட்டியில் வந்து விழும், நாளை கடை கைமாறினால் என்ன ஆகும்?

ஓடிபி வந்தால் போனை நீங்கள் வாங்காதீர்கள். அந்தக் குறுஞ்செய்தியிலேயே எதற்கான ஓடிபி என்று எழுதியிருக்கும். அதை முதலில் வாசித்துச் சொல்லுங்கள், அப்புறம் அவர் எண்ணைச் சொல்லட்டும். எண் தெரியாத பாட்டிகள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள், போன் அவர்கள் கையிலேயே இருக்கும். நேரில் உட்கார்ந்து, நாமாகத் தொடங்கிய வேலைக்கு வரும் ஓடிபி ஒன்று. நாம் எதையும் தொடங்காமல் போனில் ஒருவன் கேட்கும் ஓடிபி இன்னொன்று. இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லுங்கள். இருபது தடவை கேட்டவர் இருபத்தோராவது தடவை போனைத் துண்டிப்பார். அந்த மதினி இப்போது துண்டிக்கிறார்.

நகல் கொடுக்கும் இடங்களில், ஆதாரின் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரிகிற நகலை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முழு எண் கேட்காத இடங்களுக்கு அது போதும். அந்த மதினி கட்டை விரலால் செய்ததும் இதைத்தானே. அவரிடம் அச்செடுத்துக் கொடுத்தபோது, "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் வெரல வச்சிருக்க மாட்டேன்ல" என்றார். ஜெராக்ஸ் எடுத்தால் குறுக்கே "இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். ஆதார் ஜெராக்ஸை வைத்து யாராவது சிம் வாங்கியிருப்பார்களோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்துக் காட்டலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம்.

தேய்ந்த விரல்

பாசிக்காரப் பெண்களின் கைரேகை சீக்கிரம் விழாது. பாறை தேய்த்துவிடும், உப்புநீர் ஊறவைத்துவிடும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கருவியில் நான்கு தடவை ஐந்து தடவை அழுத்தச் சொல்வார்கள். அழுத்துகிறவருக்கு எந்தத் தடவை பணம் போனது என்று தெரியாது. ஒருவர் 500 எடுக்கப் போய், அடுத்த மாதம் பாஸ்புக் போட்டுப் பார்த்தபோது இரண்டு தடவை 500 போயிருந்தது. அதிலிருந்து அவர் எங்குமே விரல் வைக்க மாட்டேன் என்றார். ரேஷன் கடையில்கூடப் பேரனை அனுப்பினார்.

விரலே வைக்காதீர்கள் என்று இவரிடம் சொல்ல முடியாது. பஸ் ஏறி வங்கிக்குப் போனால் அரை நாள். எனவே இப்படிச் செய்கிறோம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் துண்டுச் சீட்டு கேட்க வேண்டும், விழாத அழுத்தலுக்கும். கருவியில் தொகையைப் போட்டதும் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். வைக்கும் முன் விரலை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட வேண்டும்; அழுத்தும் எண்ணிக்கை குறைந்தாலே பாதிக் குழப்பம் தீரும். கட்டை விரலைவிட மோதிர விரல் சிலருக்கு நன்றாக விழுகிறது.

கைரேகையால் பணம் எடுக்கவே மாட்டேன் என்பவர்களுக்கு, ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறக்கலாம். ஆதாரில் இணைத்த போன் கையில் இருந்தால்தான் பூட்டவும் முடியும், திறக்கவும் முடியும். வாராவாரம் விரல் வைத்துப் பணம் எடுப்பவருக்குப் பூட்டு தொந்தரவுதான், அவர்களுக்கு நான் சொல்வதில்லை. சம்பளம் வங்கிக்கு வந்து ஏடிஎம்மில் எடுக்கும் பிள்ளைகள் தாராளமாகப் பூட்டலாம்.

படகு பிடிபட்ட ராத்திரி

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று செய்தி வந்தால், அன்றைக்கு யாரும் எதையும் யோசிப்பதில்லை. அப்படி ஒரு ராத்திரியில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஆறு பேர் போன படகு. எல்லா வீட்டு ஆதார் அட்டையையும் படம் பிடித்து, வீட்டுப் போன் நம்பரோடு, இருநூறு பேருக்கு மேல் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதிகாரிக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று.

மறுநாள் மதியம் ஒரு பையனின் அம்மாவுக்குப் போன் வந்தது. மகனின் பெயர், வயது, அப்பா பெயர், எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் செலவுக்கு உடனே 6,000 அனுப்பினால் முதல் ஆளாக விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. கம்மலை வைத்து அனுப்பிவிட்டார். நான் போட்ட படத்திலிருந்து எடுத்த விவரம் அது.

அதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்தால் ஏமாந்தவள் என்பார்கள், போலீஸில் சொன்னால் பெயர் வெளியே வரும் என்று வாயை மூடிக்கொண்டார். இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிட்டிருந்தால் பணம் கைமாறும் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்தது. நான்கு நாளில் அது எங்கேயோ போயிருந்தது.

இப்போது எங்கள் பக்கம் வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். மீன்வளத்துறை அலுவலருக்கு ஆதார், மீனவர் அட்டை, படகுப் பதிவு நகல் எல்லாம் நேராக, அவர் ஒருவருக்கு மட்டும். குழுவுக்கும் செய்தியாளர்களுக்கும் பெயர், ஊர், படகு எண். தொடர்புக்குச் சங்கப் பொறுப்பாளரின் நம்பர் மட்டும், வீட்டுப் பெண்களின் நம்பர் எங்கேயும் வேண்டாம். ஆறு வீட்டுக்கும் அன்றைக்கே ஆள் போய், பணம் கேட்டு யார் பேசினாலும் சங்கத்துக்குச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். புகார் கொடுக்கத் தயங்குகிறவர்களிடம், 1930-இல் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள்: எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கிலிருந்து, பரிமாற்ற எண் என்ன. பின் நம்பரோ ஓடிபியோ கேட்க மாட்டார்கள். என்ன கேட்பார்கள் என்று தெரிந்தாலே பாதித் தயக்கம் குறைகிறது.

படம்

மானத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வேதாளையிலிருந்து ஒரு பிள்ளை, கல்லூரி இரண்டாம் வருடம், தன் லாத்தாவோடு, அதாவது அக்காவோடு, வந்தாள். உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் புகைப்படம் ஏற்ற வேண்டும். ஏற்ற மாட்டேன் என்றாள். கடைசித் தேதி மறுநாள். லாத்தா திட்டத் தொடங்கினார். நான் லாத்தாவை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையிடம் "உன் படத்த யாரும் எதுவும் செஞ்சாங்களாம்மா?" என்று கேட்டேன். அழுதுவிட்டாள். யாரோ அவள் வாட்ஸ்அப் படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கியிருந்தான். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அதனால் எல்லாக் கணக்கையும் மூடிவிட்டு, எந்தப் படமும் எங்கேயும் போகக் கூடாது என்று முடிவெடுத்திருந்தாள், வருடத்துக்கு வரும் உதவித்தொகை போனாலும் பரவாயில்லை என்று.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்தால், முதலில் கூட வந்தவரை வெளியே அனுப்புங்கள். எதையும் அழிக்கும் முன் போலிக் கணக்கின் பக்கத்தை, அதன் இணைப்பும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் இன்ஸ்டாகிராமிலேயே ஆள்மாறாட்டம் என்று புகார் செய்யுங்கள். எங்களுக்கு இரண்டு நாளில் கணக்கு போய்விட்டது. ஆபாசப் படமாக மாற்றியிருந்தால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் போடலாம், ஆனால் அப்படிப் போட்டால் பின்தொடர்ந்து பார்க்க முடியாது. 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் உண்டு. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே படத்திலிருந்து ஒரு எண்கோவையை உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும், அதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதே படம் வந்தால் தடுக்கும். படம் போனை விட்டு நகராது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

அவள் வாட்ஸ்அப்பில் தனியுரிமைக்குள் போய், சுயவிவரப் படத்தை 'என் தொடர்புகள்' என்று மாற்றினோம், குழுவில் யார் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே. இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் வைத்தோம். அப்புறம் உதவித்தொகைப் படிவத்தைத் திறந்து, அந்தப் படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று பேசினோம். யாரும் தேடி எடுக்கக்கூடிய பக்கம் அது இல்லை என்று அவளே சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அன்று மாலை படத்தை ஏற்றினாள். லாத்தாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது அவள் விஷயம்.

தடைக்காலத்தில் கடன் ஆப் இறக்கிச் சிக்குகிறவர்கள் கதையும் இதன் பக்கத்தில்தான் வருகிறது. போனில் உள்ள தொடர்புகள், படங்கள், அழைப்புப் பதிவு எதையும் கடன் ஆப் தொடக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வழிகாட்டு நெறி போட்டிருக்கிறது. தொடர்புகளுக்கு அனுமதி கேட்கிற கடன் ஆப்பை அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். அதில் இருப்பது உங்கள் மாமியார் நம்பர், பங்குத் தந்தை நம்பர், பிள்ளையின் டீச்சர் நம்பர்.

சட்டம், கொஞ்சம்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. அதில் எனக்குப் பிடித்த ஒரு இடம் உண்டு. உங்கள் சம்மதம் கேட்கிறவர், என்ன விவரம், எதற்கு என்று சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழும் அதில் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. "சம்மதிக்கிறேன்" கட்டத்தை நாம் அவர்களுக்காக டிக் அடித்துவிட்டு நகர்கிறோமே, அங்கே ஒரு நிமிடம் நின்று அதில் உள்ளதைத் தமிழில் சொல்லுங்கள்.

கடை சாத்தும் முன்

நம்மிடமிருந்தே கசியக் கூடாது. ஸ்கேன் கோப்புறையை நான் தினமும் ராத்திரி காலி செய்கிறேன், குப்பைத் தொட்டியையும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் படங்களைக் கடையிலும், அனுப்பியவர் போனிலும், அவர் முன்னாலேயே அழிக்கிறேன். கேலரியில் தனியாகப் பதிந்து நிற்கும், அதையும் பாருங்கள். தப்பாக அச்சான தாள்களைக் கிழித்துத்தான் போட வேண்டும். ஒருமுறை பக்கத்துக் கடையில் கருவாடு மடித்துக் கொடுத்த தாளில் யாருடைய வருமானச் சான்றிதழோ இருந்தது. என் கடைத் தாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்ள வாங்கிப் பார்த்தேன். இல்லை. ஆனாலும் அன்றைக்கே தாள் கிழிக்கும் கருவி வாங்கிவிட்டேன்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் "இல்லம்மா, நான் சொல்லல" என்றால், விட்டுவிடுங்கள். கடைசித் தேதியைத் துண்டுத் தாளில் எழுதி, எந்த விவரம் மட்டும் வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். வீட்டில் மகனிடமோ மகளிடமோ காட்டிக் கேட்டுக்கொண்டு வரட்டும். போன மாதம் ஒரு அம்மா அப்படிப் போனார். பௌர்ணமிப் பாசி முடிந்த மறுநாள் திரும்பி வந்தார், கையில் அதே துண்டுத் தாள், பின்பக்கம் பேத்தி கையெழுத்தில் மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றுக்கு எனக்கே உடனே தெரியவில்லை, மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, இப்ப எழுது" என்றார்.